ஆதிக்குதிரையின் பல்

ஊரிலுள்ள குதிரைகளுக்கெல்லாம் திடீரென்று ஒரு தாத்தா முளைத்துவிட்டார். பரம்பரை ஞானி என்று சொல்லிக்கொண்ட ஒருவரின் கொட்டகையில் பட்டுத் துணிமேல் வீற்றிருந்த மண்டையோடுதான் அந்தத் தாத்தா. நாலாயிரம் வருடத்துக்கு முன் மனிதனுக்கு முதன்முதலில் முதுகு கொடுத்த ஆதிக்குதிரையாம். இன்றைய குதிரைகளெல்லாம் அதன் வாரிசுகளாம். யார் சொன்னது? ஞானி. ஞானிக்கு யார் சொன்னது? மண்டையோடு!

வண்டிக்காரர்கள் குதிரைகளோடு வரிசையில் நின்றார்கள். ஞானி ஒரு கையை மண்டையோட்டிலும் மறு கையைக் குதிரையின் நெற்றியிலும் வைத்துக் கண்ணை மூடி வம்சம் சொல்வார். விந்தையைப் பாருங்கள்: நொண்டிக் குதிரையெல்லாம் சுத்த ராஜவம்சம், திடமான குதிரைக்கெல்லாம் சாபம்! சாபம் பிடித்ததைக் கொட்டகையிலேயே விட்டுவிட வேண்டும். அந்தச் சாபம் பிறகு எந்தச் சந்தையில் நீங்கியது என்று கேட்கக் கூடாது.

வண்டிக்கார அம்மாளின் செவலைக்கும் சாபம் என்று தீர்ப்பாயிற்று. புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிந்ததே அந்தக் குதிரையால்தான். விட்டால் பட்டினி. விடாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்றார் ஞானி. அம்மாள் செவலையைக் கொட்டகையில் கட்டிவிட்டுத் தங்கையிடம் போய் அழுதாள்.

தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. பழைய எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்து, வீட்டுக் குதிரைகளின் பூர்வீகத்தைத் தேடும் வேலை. எரிச்சலை அடக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

“சாமி, ஆதிக்குதிரையோட பல்லு ஒண்ணு குடுங்களேன். எங்க கூடத்துல சோதிச்சுப் பாத்து, உள்ளதை ஊருக்கே சொல்லிடலாம்.”

ஞானிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வேண்டாமென்று கண்ஜாடை காட்டிய சீடனை முறைத்துவிட்டு, தாமே ஒரு பல்லை ஆட்டிப் பிடுங்கிக் கொடுத்தார். “முடிவை இதே மேடையில, மைக்குல சொல்லணும். தெரியுதா?”

சில வாரம் கழித்து, அப்படியே சொன்னாள்.

“ரொம்பப் பழைய எலும்புன்னா மரபணு பொடிப்பொடியா நொறுங்கியிருக்கும். இதுல அப்படி நொறுங்கல. செத்து சில வருஷந்தான் இருக்கும்.”

“தெய்வீகம் நொறுங்காதும்மா!” என்றார் ஞானி. கூட்டம் கைதட்டியது. எதற்கென்று தெரிந்தா தட்டுகிறார்கள்!

“இருக்கட்டும் சாமி. இதோட தாய் குதிரை. தகப்பன் கழுதை.”

கைதட்டல் நின்றது. மரபணு தெரியாத கூட்டம்தான். ஆனால் மிருகங்களோடு பிழைக்கிற கூட்டம்.

“அப்ப இது கோவேறு கழுதை!” என்று கத்தினாள் வண்டிக்கார அம்மாள். “அது குட்டியே போடாதேய்யா! அதுக்கு ஏது வாரிசு?”

ஞானி வழக்கம்போல் கண்ணை மூடினார். மண்டையோடு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாள் செவலையை அவிழ்த்தாள். பின்னாலேயே மற்றவர்களும் அவரவர் குதிரைக்குப் பாய்ந்தார்கள்.

பாவம், அந்தக் கோவேறு கழுதை! உயிரோடு இருந்தவரை மூட்டை சுமந்தது. செத்த பிறகும் விட்டோமா? நம் புத்தியையும் அதன் தலையில் ஏற்றி வைத்தோம். இனியாவது அவரவர் புத்தியை அவரவரே சுமப்போம். ஒன்றும் அவ்வளவு கனமில்லை!