பதின்மூன்று இணைப்புகளும் என் பயோடேட்டாவும்

ஒட்டிய இணைப்பை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத சோம்பேறிகளில் நானும் ஒருத்தியாக இருந்தேன். அதற்கான தண்டனை கொட்டகலையில், ஓர் அடைமழைக் காலையில் கிடைத்தது.

சர்வர் கவலையே இல்லாமல் பைதான் நிரல்களை இணையத்தில் ஓடவிட உதவும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. புதிதாகச் சேர்ந்த எனக்கு, அதன் வழிகாட்டிப் பக்கங்களைத் திருத்தும் வேலை. பதின்மூன்று இடங்களில் மொட்டையாக 'இங்கே அழுத்தவும்' என்றிருந்தது. அங்கெல்லாம் இணைப்பு எதைப் பற்றியது என்று தெளிவாக எழுதி, புதிய முகவரியை ஒட்ட வேண்டும். (வேலை நிரந்தரமாவது இதில்தான் இருந்தது. நானோ அரை மணி நேரத்தில் வெளியிட்டுவிட்டு, பெருமையோடு தேத்தண்ணி குடித்தேன்.)

பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து என் பொறுப்பாளர் அழைத்தார். குரல் பயங்கர அமைதியாக இருந்தது.

"காயத்ரி, 'முதல் செயலியை ஏற்றுவது எப்படி'ன்னு இருக்கிறத அழுத்தினா, உங்க கல்யாண பயோடேட்டா வருது."

எனக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை தேடி இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்து ஓரத்தில் குறிப்பெழுதும்படி அக்கா ஆங்கிலத்தில் எழுதிவைத்தது அது. பூண்டுலோயாவிலிருந்து காலையில்தான் லிங்க் அனுப்பியிருந்தாள். அதைத்தான் பதின்மூன்று இடத்திலும் ஒட்டியிருக்கிறேன்!

உடனே திருத்தலாமென்றால், மழைக்கு வீட்டில் இணையம் படுத்துவிட்டது. மடிக்கணினியை ரெயின்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, போன் சிக்னல் கிடைக்கும் ரயில் நிலையத்துக்கு ஓடினேன். வழியில் அக்கா அழைத்தாள்.

"ஏய், ஒன் பயோடேட்டாவ நாப்பது பேரு பாத்துக்கிட்டு இருக்காங்கடி!"

"அழிச்சிடுக்கா, கும்புடுறேன்!"

"பைத்தியமா ஒனக்கு? ஆறு மாசமா ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தேன். ஈர விரல் வழுக்கியது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். ஏழு முடிந்தபோது சிக்னல் போனது. எழுந்து நின்று மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கினேன். (ரயிலுக்கு நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள்.) பதின்மூன்றாவதையும் மாற்றித் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. 'குணம்: சட்டென்று கோபம் வரும்' என்று அக்கா உண்மையை எழுதிவைத்திருந்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு வெளிநாட்டு நிரலாளர் குறிப்புப் போட்டிருந்தார்: 'இந்தப் பிழை எப்போது சரியாகும்?'

கீழே அக்காவின் பதில்: 'கல்யாணத்துக்குப் பிறகு.'

வேலை மூன்று மாதம் தாமதமாக நிரந்தரமானது. மாப்பிள்ளை பக்கத்து ஊரான ஹட்டனிலேயே கிடைத்தார். கல்யாணமாகி நாலு வருடமாகிறது. நான் குரலை உயர்த்தினால் அவர் போனை எடுத்து அக்காவுக்குப் போடுகிறார்.

"அண்ணி, இன்னும் சரியாகலங்க."