மூன்று கிளவுட் கம்பெனிகளுக்கு நான் கண் பரிசோதனை செய்த வரலாறு

அன்பும் அறிவும் அவற்றைவிடச் சற்றுக் கூடுதலாக அதிகாரமும் நிறைந்த என் அக்கா மகளுக்கு, மூக்குக்கண்ணாடி உலகத்தின் முடிசூடிய மன்னனும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் நலம். கடை நலம். பின்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரும், நீ வைத வசவையெல்லாம் தாங்கிக்கொண்டு, பரிபூரண நலம். கீழே வரும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். நீ நம்பமாட்டாய், உன் அம்மா பாதியிலேயே சிரித்துவிடுவாள், எழுதுகிற எனக்கே சில இடங்களில் சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் வரலாறு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்காக எழுதுகிறேன்.

போன வாரம் போனில் நீ என்ன சொன்னாய்? "மாமா, அந்தப் பெட்டி என்னைக்காவது பொட்டுனு போயிடும். உங்ககிட்ட வர்ற அத்தனை பேரோட கண் அளவும் அதோட சேர்ந்து போயிடும். அப்புறம் உட்கார்ந்து அழாதீங்க" என்றாய். டேட்டாபேஸை கிளவுடில் வையுங்கள், பழுது வந்தால் பார்ப்பது, பேக்கப் எடுப்பது எல்லாவற்றையும் அவர்களே செய்கிற கம்பெனியாகப் பாருங்கள், மூன்று பெயர் அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நானே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன் என்று உத்தரவும் போட்டாய். தையல்காரரின் பழைய பவரைத் தேடும்போது கம்ப்யூட்டர் காலை முழுக்க உறைந்து நின்றதை உன்னிடம் போட்டுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். உன் அத்தை இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவள் போல லென்ஸ் துடைத்துக்கொண்டிருக்கிறாள். என் கம்ப்யூட்டர் உறையவில்லையம்மா, யோசித்தது. வயதானால் யோசிக்கத்தான் செய்யும். அது போடும் சத்தத்தில் தெருக்கோடியில் இருக்கும் நாய்கள் குடிமாறிப் போய்விட்டன, அது விடும் சூட்டில் மழைக்காலத்தில் அக்கம்பக்கத்து ஈரத்துணியெல்லாம் காய்கிறது. எந்த கிளவுடாவது ஒரு கைக்குட்டையைக் காயவைத்துக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

சரி, ஒப்பிடச் சொன்னாய், ஒப்பிட்டேன். என் வழியில். கண் பரிசோதனைக்குச் சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருக்கிறேனே, அதைக் கழற்றிவிட்டு, அவரவர் கம்பெனி ஒப்பந்தத்தையே பலகையாக அச்சடித்து மாட்டினேன். மேல் வரி கொட்டை எழுத்தில், கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி வரி அவர்கள் ஒப்பந்தத்தில் என்ன அளவோ அதே அளவில். மூன்று கம்பெனிக்கும் ஆள் அனுப்பினேன். கழுத்துப்பட்டையோடு முதலாமவர் வந்தார், பெரிய கம்பெனி, உலகத்தில் பாதி அவர்கள் சர்வரில்தான் தூங்குகிறதாம். நாற்காலியில் உட்காரவைத்தேன். "உங்கள் டேட்டா என்றும் பத்திரம்" என்று மேல் வரியைச் செய்தி வாசிப்பவர் போலப் படித்தார். மூன்றாம் வரியில் கழுத்து நீண்டது. "அதுக்குக் கீழ ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சார்" என்றார். "எறும்பு இல்ல தம்பி, உங்க கம்பெனிதான். பேக்கப்ல இருந்து டேட்டாவைத் திரும்ப எடுக்கறது வாடிக்கையாளர் பொறுப்புன்னு போட்டிருக்கு." "அப்படியா சார்?" என்று என்னைவிட அவர்தான் அதிர்ந்துபோனார். லென்ஸ் மாட்டிவிட்டேன். முழுதும் படித்தார், அப்படியே தன் வேலை நியமனக் கடிதத்தையும் எடுத்துப் படித்தார், அங்கேயே ராஜினாமா செய்துவிட்டுக் குடும்பத்துக்கே கண்ணாடி ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாமவருக்கு நான் வைத்த பெயர் 'தானாக்காரர்'. "கூட்டம் வந்தா தானா பெருசாகும் சார், ஒரு சர்வர் விழுந்தா இன்னொண்ணு தானா எழுந்துக்கும், பேக்கப் தானா எடுத்துக்கும், நீங்க கைகட்டி உட்கார்ந்தா போதும்." நான் கேட்டது ஒரே கேள்வி. "நாளைக்கு உங்களைப் பிடிக்காம நான் வேற இடம் போறேன்னு வைங்க, என் டேட்டாவும் தானா வெளிய வருமா?" மனிதர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இன்னொரு செம்பு கேட்டார். கடைத் தொட்டி காலியாகி, தெருக்குழாயும் காற்று வாங்க ஆரம்பித்த பிறகுதான் வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்ககிட்ட வந்தவங்க யாரும் வெளிய போனதில்ல சார்" என்றார். "ஜெயிலர்கூட இதையேதான்பா சொல்லுவார்" என்று வழியனுப்பிவைத்தேன்.

மூன்றாவதாக வந்தது ஒரு எஞ்சினியர் பெண். சின்னக் கம்பெனி. நாற்காலியில் உட்காரவே இல்லை, வாசற்படியில் நின்றபடியே கடைசி வரியைப் படித்துவிட்டது. "நீங்களே அழிச்சா நாங்க பொறுப்பில்லைன்னு இருக்கு அங்கிள். ஆனா எந்த நேரத்துல இருந்த மாதிரி வேணும்னு சொன்னீங்கன்னா, அந்த நேரத்துக்கே திருப்பி வெச்சுடுவோம். நான் சொல்றதை நம்பாதீங்க. அழிச்சுப் பாருங்க." நம் டேட்டாவுக்கு ஒரு நகல் எடுத்து அவர்கள் சர்வரில் ஏற்றிவைத்திருந்தது. அழித்தேன். அத்தனை கண்ணும் ஒரே அமுக்கில் மாயம். இந்த மாமா என்ன செய்தான் தெரியுமா? இடி இடிப்பது போலச் சிரித்தான். சிரித்த சிரிப்பில் ஷோகேஸில் இருந்த ஃபிரேம்கள் எல்லாம் குலுங்கின. அந்தப் பெண் ஏதோ தட்டியது. திரையில் தையல்காரர் வந்தார், தபால்காரர் வந்தார், பல் டாக்டர் வந்தார், வரிசையாக எல்லாரும் பவரோடு வந்து நின்றார்கள். அப்போதும் நான் அசையவில்லை. "பரவாயில்ல" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன்.

"ஊரையே கூட்டி வெச்சீங்களே, கடைசியில யாரைத்தான் முடிவு பண்ணீங்க?" என்றாள் உன் அத்தை.

"யாரையும் இல்ல. பெட்டி இங்கயேதான் இருக்கும்."

"பெட்டி இருக்கட்டும். நீங்க எங்க இருக்கறதுன்னு நான் முடிவு பண்றேன்."

மிரட்டலுக்கெல்லாம் பணிகிற வம்சமா நம்முடையது? ஆகவே மருமகளே, தீர்ப்பைக் குறித்துக்கொள். மூன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ வா, கிரேனோடு வா, உன் ஆபீஸ் பட்டாளத்தையே அழைத்து வா. பின்னறை வாசலில் குறுக்கே படுத்திருப்பேன். என்னைத் தாண்டித்தான் பெட்டியைத் தொடமுடியும்.

உன் வேலை மேன்மேலும் வளரவும், உன் மேலாளருக்குச் சீக்கிரம் கிட்டப்பார்வை வந்து என் கடைக்கு வரவும், நீ கண்ணாடி போடாமலே நூறு வயதுவரை ஊசி கோக்கவும் ஆசீர்வதிக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். மச்சானுக்கு என் மன்னிப்பு, எதற்கென்று அவருக்கே தெரியும்.

இப்படிக்கு,
எதற்கும் வளையாத உன் மாமா

பின்குறிப்பு: உறையில் போடும்முன் உன் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "பொண்ணுக்கு உண்மையைச் சொல்லுங்க, கிரேனை வேற கூட்டிட்டு வந்துடப்போறா" என்கிறாள். சொல்லித் தொலைக்கிறேன். யாரும் கடைக்கு வரவில்லை. எல்லாம் போனில்தான், அதிலும் முதல் கம்பெனியில் என்னோடு பேசியது மெஷின். பெட்டி வியாழக்கிழமையே பழைய இரும்புக்குப் போய்விட்டது. டேட்டா மூன்றாவது கம்பெனியில் சௌக்கியமாக இருக்கிறது. பாஸ்வேர்டு உன் அத்தையிடம், எனக்குச் சொல்லமாட்டாளாம். நீ வெறுங்கையோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மேலே எழுதியதில் ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம்: அழித்துப் பார்த்தது. அழிவது நகல்தான் என்று அந்தப் பெண் போனில் பலமுறை சொல்லியும், திரை வெறிச்சென்று ஆனபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிசோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தை வந்து தோளைத் தொட்டு, "எல்லாரும் வந்துட்டாங்க, கண்ணைத் திறங்க" என்று சொல்லும்வரை எழுந்திருக்கவே இல்லை.