செல்வா, உன் வூஃபரைக் கழற்றச் சொல்

மல்காஜ்கிரி, செகந்திராபாத்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி தமிழ்ச்செல்வனுக்கு அக்கா புஷ்பாவின் ஆசிகள். டப்ளின் குளிரில் நீயும் தாரிணியும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் மாமா மிகவும் சுகமாக இருக்கிறார். அதனால்தான் நான் சுகமாக இல்லை. போனில் பேசினால் பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார் என்பதால் எழுதுகிறேன்.

நீ வெளிநாடு போகும்போது காரை எங்களிடம் விட்டுப் போனாய். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் போதும் என்றாய். டிக்கியை அடைத்துக்கொண்டு, பாட்டில் தவில் மாதிரி கனத்த சத்தங்களைக் கொடுக்கிற ஒரு வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருப்பதைச் சொல்லவில்லை. அது கெட்டுப்போனது என்பதையும் சொல்லவில்லை. மாமா முதல் நாள் பாட்டுப் போட்டார். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி சத்தம் வந்தது. நானாக இருந்தால் பாட்டை நிறுத்தியிருப்பேன். அவரோ ராணுவத்துக்குக் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் சோதனைப் பிரிவிலேயே காலம் கழித்து, ஓய்வுபெற்ற பிறகு சோதிக்க ஒன்றுமே கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். டிக்கிக்குள் போன தலை வெளியே வந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு திருகு இருக்கிறதாம், அதை நீ கடைசிவரை திருகி வைத்ததால்தான் வூஃபர் கருகிப்போனதாம். "உன் தம்பி கெயினை வால்யூம்னு நெனச்சுட்டான் புஷ்பா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

புதிதாக ஒன்று வாங்கக் கடை கடையாக ஏறினோம். ஒரு கடைக்காரர் பன்னிரண்டு அங்குல வூஃபரைத் தூக்கி வைத்து, அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்த வாட்ஸைத் தட்டிக் காட்டினார். அது ஒரு நொடி தாங்குகிற கணக்கு, நாள் முழுக்கத் தாங்குகிற கணக்கைச் சொல்லுங்கள் என்றார் மாமா. "அதெல்லாம் நக்கோ, வேணாம் சார், இடி மாதிரி அடிக்கும்" என்றார் அவர். இடி தேவையில்லை, தவில் தவிலாகக் கேட்டால் போதும் என்று இவர். மூடிய பெட்டியா, ஓட்டை வைத்த பெட்டியா என்று அதற்கு ஒரு வாக்குவாதம். போன கடையிலெல்லாம் யாருடைய காரிலோ என்னை உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னார். எல்லாம் டம் டம் என்றுதான் கேட்டது. அதை அப்படியே சொன்னதற்கு வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. கடைசியில் பத்து அங்குலம், மூடிய பெட்டி, ஆம்ப்ளிஃபயர் கொடுப்பதைத் திணறாமல் தாங்குகிற ஒன்று வந்து சேர்ந்தது. தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன்.

ஒழியவில்லை. கெயினைச் சரியாக வைக்க வேண்டுமாம். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒத்துப்போவதற்குத்தான் அந்தத் திருகு, சத்தம் கூட்டுவதற்கு இல்லை என்று எனக்குப் பாடம் நடந்தது. வால்யூமை முக்கால்வாசியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பாட்டு கிடையாது, சோதனைக்கென்று ஒரே உறுமல். மீட்டர் வைத்துப் பார்த்தது போதாதென்று, காதாலும் கேட்டு மயிரிழை மயிரிழையாகத் திருகினார். கரகரப்பு வருகிறதா என்பார். வருகிறது என்றால் இல்லை என்பார், இல்லை என்றால் வருகிறது என்பார். இதற்குள் எங்கள் அடுக்ககச் செயலாளர் நரசிம்ம ராவ், போர்வெல் மோட்டார்தான் உறுமுகிறது என்று பயந்து அதை அணைத்திருக்கிறார். உறுமல் நிற்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு மோட்டாரையே போர்வெல்லிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். அப்புறமும் உறுமவே, சத்தத்தைத் தேடிக்கொண்டு எங்கள் காருக்கு வந்தார். மாமா மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா? அது ஐம்பது ஹெர்ட்ஸ் சோதனை ஒலி என்று அவருக்கு விளக்கம் கொடுத்தார். கட்டடத்தில் ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. காலி வாளியோடு என்னைக் கடந்துபோன பெண்கள் பார்த்த பார்வை உன்மேல் பட்டிருந்தால் தெரியும்.

கெயின் கடைசியில் சரியாகத்தான் அமைந்தது. தவில் பின்சீட்டில் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருந்தது. இதை நான் எழுதியதாக அவரிடம் சொல்லாதே.

அடுத்த வாரம் ஆரணியிலிருந்து என் நாத்தனார் ராஜம் வந்தார். செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனோம். டிக்கியில் இடமில்லாததால் பெட்டிகளோடும் அரிசி மூட்டையோடும் நான் ஆட்டோவில் வந்தேன். தன் அக்காவுக்குக் காட்டாமல் மாமா இருப்பாரா? பாட்டைப் போட்டிருக்கிறார். "பக்தவத்சலம், பின்னால யாரோ இடிக்கிறாங்க, நிறுத்து" என்றாராம் ராஜம். அக்காவின் காதுக்கு பேஸ் கொஞ்சம் தூக்கல் போலிருக்கிறது என்று வண்டியை ஓரங்கட்டி, ஸ்க்ரூடிரைவரோடு டிக்கிக்குள் போய்விட்டார் உன் மாமா. வீட்டுச் சாவி அவரிடம். நான் பூட்டிய கதவுக்கு முன்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். தன்னை இரைச்சலில் தள்ளிவிட்டு நான் ஆட்டோவில் சொகுசாக வந்ததாக ராஜம் முடிவு கட்டிவிட்டார். இன்றுவரை என்னோடு பேச்சில்லை. காபிகூட உன் மாமா மூலமாகத்தான் கேட்கிறார்.

ஆகவே தம்பி, இந்த ஒரு உதவியைச் செய். கார் உன்னுடையது, நீ சொன்னால் மறுக்க மாட்டார். வூஃபரைக் கழற்றச் சொல். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

தாரிணிக்கு என் அன்பு. இருவரும் நோய்நொடி இல்லாமல், அக்கம்பக்கத்தாரோடு ஒற்றுமையாக வாழ வாழ்த்தும்,

உன் அக்கா
புஷ்பா

பின்குறிப்பு: கடிதத்தை அனுப்புவதற்குள், ராஜத்துக்குத் தலைவலி என்று மாமா தானாகவே எல்லாவற்றையும் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். காலையிலிருந்து சமையலறையில் என் பக்கத்தில் நிற்கிறார். கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு எண்ணெய்ச் சூடு போதாது என்கிறார். டப்பாக்களை உபயோகிக்கிற வரிசைப்படி மாற்றி அடுக்கியிருக்கிறார். உப்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நீ உடனே அவருக்குப் போன் பண்ணு. "பத்து இஞ்ச் பத்தாது மாமா, பன்னெண்டு போட்டு மொதல்லேர்ந்து செட் பண்ணுங்க"ன்னு சொல்லு. நரசிம்ம ராவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.