கதவைக் கழற்றிய மேனேஜரிடம் நான் பேசியது

வாய் பேச வேண்டிய இடத்தில் எனக்கு வயிறுதான் பேசும். ஏழாம் வகுப்பில் ‘நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார்’ என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போனவன்தான், திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் பேச அனுப்பினார்கள்.

எழுபதுகளில் நடந்தது. கும்மிடிப்பூண்டியில் ஆணி செய்கிற கம்பெனி. மேனேஜர் நல்ல மனுஷன். மெட்ராஸில் ஏதோ நிர்வாகப் பயிற்சிக்குப் போய் வந்தவர், வந்த கையோடு தச்சரைக் கூப்பிட்டுத் தன் ரூம் கதவைக் கழற்றிவிட்டார்.

"இனிமே உங்களுக்கும் எனக்கும் நடுவுல கதவே கிடையாது. யார் வேணும்னாலும் வந்து குறையைச் சொல்லலாம்" என்றார்.

கைதட்டினோம். அதோடு சரி, ஒருத்தரும் போகவில்லை. கதவு இருந்தவரை கமுக்கமாகப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம். இப்போது உள்ளே நிற்பவனை மொத்த ஷெட்டும் பார்க்கும். (மெஷின் சத்தத்தில் பேச்சு மட்டும் கேட்காது.)

குறை இல்லாமல் இல்லை. ஆரம்பாக்கம் பக்கத்து ஆட்கள் வரும் ரயில் ஸ்டேஷனில் நிற்கும்போதே எங்கள் சங்கு ஊத ஆரம்பித்துவிடும். கேட் சாத்துவதற்குள் தலைதெறிக்க ஓடி வருவார்கள். அவர்களில் ஒருத்தன் ஏழுமலை, என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டேன். ‘இன்னொரு தடவை லேட் ஆனால் வேலை கிடையாது’ என்று சூப்பர்வைசர் அவனிடம் சொல்லிவிட்டார்.

"சங்க கொஞ்சம் தள்ளி ஊதச் சொல்லு மாமா, அவ்ளோதான்" என்றான்.

"நான் எப்படிடா…"

"நீ போனாத்தான் கரெக்டு. உன்னப் பாத்தா சண்ட போட வந்தவன்னு எவனும் சொல்லமாட்டான்."

போனேன். மேனேஜர் எழுந்து நின்று "உட்காருங்க" என்றார். அதுதான் வினையாகப் போயிற்று. நாற்காலிக்கு வெள்ளை உறை, என் பேன்ட் முழுக்க கிரீஸ். உறையில் படாமல், உட்கார்ந்த மாதிரியே அந்தரத்தில் நின்றேன். தொடை வெடவெடவென்று ஆடியது. "தைரியமாச் சொல்லுங்க, என்ன குறை?" என்று அவர் கேட்டபோது என் மண்டைக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: கறை பட்டால் இதை யார் துவைப்பது?

"ஒரு குறையும் இல்லீங்க சார். ரொம்பத் திருப்தி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது, பாவம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே இருந்தவர்களுக்கு அந்தக் குலுக்கல் மட்டும்தான் தெரிந்தது. விசில் பறந்தது. ஏழுமலை ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"இன்னா மாமா, பேசிட்டியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பேசிட்டேன்" என்று வந்தது. சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவன் என் வீட்டுக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல, அவள் கேசரியே கிளறிவிட்டாள். (கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?)

மறுநாள் மற்றவர்கள் பழக்கதோஷத்தில் ஓடி வந்து உள்ளே நுழைந்துவிட்டார்கள். என் பேச்சை முழுசாக நம்பியவன் அவன் ஒருத்தன்தான். ஸ்டேஷன் வாசலில் டீ குடித்து, தலை வாரி, கைவீசி நடந்து வந்தான். கேட் சாத்தியிருந்தது.

கெஞ்சிக் கூத்தாடி மேனேஜர் முன்னால் போய் நின்றான். "நேத்து உங்க மாமாவே ஒரு குறையும் இல்லைன்னாரேப்பா! ஒருத்தனுக்காக நான் எப்படி மாத்தறது?" என்றாராம்.

வெளியே வந்தவன் என் மெஷின் பக்கத்தில் நின்றான். திட்டப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ பயந்துக்கினு இருக்காத மாமா" என்றான்.

சங்கு மாறவில்லை. கதவையும் கொஞ்ச நாளில் திரும்ப மாட்டிவிட்டார்கள். ஏழுமலை எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்கு மூட்டை சுமக்கப் போனான். சுமந்து சுமந்தே முதுகு வளைந்தது. ஆனால் வீட்டில் யார் எதற்கு அவசரப்பட்டாலும், பஸ்ஸுக்கோ முகூர்த்தத்துக்கோ, அவன் ஒன்றுதான் சொல்வான்: "இன்னாத்துக்கு ஓடறீங்க? அதான் மாமா பேசிட்டாரே!" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அவன் செத்த அன்றைக்கு, இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று ஆளாளுக்கு விரட்டினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அவன் மகன் நிமிர்ந்தான்.

"இன்னாத்துக்கு அவசரம்? அதான் மாமா பேசிட்டாரே."

முதலில் சிரித்தது என் மனைவிதான். அப்புறம் எல்லோரும்.

அதற்குப் பிறகு யாரும் விரட்டவில்லை. மெதுவாகவே தூக்கிக்கொண்டு போனோம்.