ஏரோப்பிளேன் ஆத்தாவும் இலுப்பை மரமும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது என்று ஆரம்பித்தால் நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு கேட்பீர்கள். நம்முடைய காட்டில் சிங்கமே கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு ஓடுபாதை இருந்தது.

எந்தக் காலத்திலோ மனிதர்கள் அங்கே விமானம் ஓட்டப் பழகினார்கள். பழகியது போதும் என்று ஒருநாள் கிளம்பியவர்கள், ஐந்து சின்ன விமானங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பறவைகள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறக்கை இல்லாத ஜென்மங்களுக்குத்தான் ஆசை. காட்டுப்பன்றி சிங்காரம் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மிளா மான் ஏறியது, கீரி ஏறியது, ஆமைகூட ஏறியது. அன்றிலிருந்து ‘கேப்டன்’ என்று கூப்பிட்டால்தான் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓடுபாதையின் மேற்குக் கோடியில் தொண்ணூறு அடி உயரத்துக்கு ஒரு இலுப்பை மரம். அதன் உச்சிப் பொந்தில் மலையணில் பூவாயி குடியிருந்தாள். மூன்று குட்டிகள் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. கண் திறந்து, மயிர் வளர்ந்து, கிளைக்குக் கிளை தாவ எப்படியும் இரண்டு மாதம் ஆகும். அதுவரை அந்தப் பொந்து தாங்கினால் போதும் என்பதுதான் பூவாயியின் ஒரே கவலை.

பன்றிக்குக் கழுத்து மேலே திரும்பாது. காடறிந்த விஷயம் இது. விமானம் ஓட்ட உரிமம் கொடுத்த பாதுகாப்பு அதிகாரி முயலுக்கும் தெரியும். ஆனால் விண்ணப்பத்தில் கண்ணுக்குக் கட்டம் இருந்ததே தவிர, கழுத்துக்குக் கட்டம் இல்லை. அதனால் கேப்டன் சிங்காரம் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்தபடியே மேலே ஏறி, மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமலே இலுப்பை மரத்தில் போய் மாட்டிக்கொண்டார். அதற்கு முன்பே மிளா ஒரு தடவையும் ஆமை ஒரு தடவையும் மாட்டியாகிவிட்டது. மிளாவுக்கு ஒரு கொம்பு போனது. ஆமைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓட்டில் ஒரு கீறல்.

சிங்காரத்தின் விமான மூக்கு பூவாயியின் பொந்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பூவாயி குட்டிகளின் மேல் படுத்துக்கொண்டு கத்தினாள்.

“யண்ணே, கண்ணு தெரியலியா ஒங்களுக்கு? பச்சப்புள்ளைக இருக்குற எடம்!”

“கோச்சுக்காத தங்கச்சி,” என்றார் சிங்காரம், கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி. “எறங்குறதுக்கு ஏணி எதும் இருக்கா?”

மறுநாளே கூட்டம் போட்டார்கள். முயல் அதிகாரி விபத்துப் பட்டியலைப் படித்தார். படிக்கும்போதே இரண்டு தடவை மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துவிட்டு வந்தார். “உயிர்களின் பாதுகாப்பு முக்கியம். மரத்தை வெட்டுங்கள்” என்றார்.

மரக் காப்பு அலுவலர் தேவாங்கு நிதானமூர்த்தியை மூன்று பேர் சேர்ந்து எழுப்பினார்கள். தேவாங்கு பகலில் தூங்கும் பிராணி. அலுவலகமோ பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை. இரண்டும் அவருக்குப் பொருந்திப் போயிருந்தன. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “மரம் எண் நாற்பத்தேழு. பாதுகாக்கப்பட்ட மரம். ஓர் இலையைக் கிள்ளினாலும் குற்றம்” என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

பூவாயி முன்னே வந்தாள். “ஐயா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீக. கெழக்குப் பக்கம் வெட்டவெளிதானே? அந்தப் பக்கமாப் பறந்தா ஒரு தொந்தரவும் இல்லியே?”

கூட்டம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது.

“கிழக்குப் பக்கம் திறப்புவிழாக் கல்வெட்டு இருக்கிறதம்மா,” என்றார் முயல். “அதற்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டுதான் விமானம் புறப்பட வேண்டும் என்று விழா அன்றே முடிவானது. அதையெல்லாம் மாற்ற முடியாது.”

மாலை வரை பேசி, மரத்தையும் காக்க வேண்டும், உயிரையும் காக்க வேண்டும் என்று ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். மரத்தைப் பாதி உயரத்துக்கு வெட்டுவது. விமானங்கள் இனிமேல் பாதி உயரத்தில் பறப்பது. இரண்டு தரப்புக்கும் சமமாகப் பாதிப் பாதி. எல்லாரும் கை தட்டினார்கள். பாதி மரத்தில் பாதி உயரத்தில் போய் மோதலாமே என்று நரி மட்டும் கேட்டது. நரி எதையும் குதர்க்கமாகத்தான் பேசும் என்று சொல்லி அதை உட்காரவைத்தார்கள். வருகிற புதன்கிழமை வெட்டு.

பூவாயியின் பொந்து மேல் பாதியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அலுவலகம் மொத்தமும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் பூவாயி மரத்தைவிட்டு இறங்கினாள். ஆற்றிலிருந்து ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். அணில் உருட்டக்கூடிய கல் என்றால் எவ்வளவு இருக்கும், ஒரு மாங்காய் அளவு. அதை மரத்தடியில் நட்டு, காட்டு மஞ்சளை இடித்துப் பூசினாள். சிங்காரத்தின் விமானத்திலிருந்து உதிர்ந்த சிவப்புப் பெயிண்டைக் குழைத்துப் பொட்டு வைத்தாள். மரத்தைச் சுற்றிக் கட்ட மஞ்சள் துணிக்கு எங்கே போவது? ஓடுபாதை ஓரத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமானிகளுக்குக் காட்ட ஒரு துணிப்பை கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது. நல்ல மஞ்சள். அதைக் கடித்து எடுத்துவந்து கட்டிவிட்டாள்.

புதன்கிழமை காலையில் ரம்பத்தோடு வந்த முள்ளம்பன்றிகள் நாலும் கல்லைப் பார்த்தன. ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டன. “சாமி குத்தம் ஆயிரும்” என்று சொல்லி, வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. உச்சிக் கிளையில் பூவாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு நாளாக இறங்காத சோறு அன்றைக்குத்தான் இறங்கியது.

அவள் சிரித்ததோடு கதை முடிந்திருந்தால் நானும் ஒரு நல்ல நீதி சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். கேப்டன் சிங்காரம் விடவில்லையே.

விபத்து நடக்காமல் இருக்க வேண்டும் என்று அவர் கல்லுக்கு ஒரு கிழங்கு உடைத்துவிட்டுப் பறந்தார். அன்றைக்கு மரத்தில் மோதவில்லை. காற்று வேறு பக்கம் அடித்ததால் புதரில் போய் விழுந்தார், அது தனிக் கதை. ஆனால் மரத்தில் மோதவில்லை அல்லவா? செய்தி காடு முழுக்கப் பரவியது. இனி புறப்படும் ஒவ்வொரு விமானமும் முதலில் மரத்தடி ஆத்தாவை மூன்று சுற்று வலம்வந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று விமானிகள் தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சாமியைத் தள்ளி நின்று சுற்றுவது மரியாதை இல்லையாம். கிளையை உரசினாற்போலச் சுற்றினார்கள்.

அந்த வாரம் ஏழு விபத்து.

கீரிக்குக் கால் போனது. மிளாவுக்கு மிச்சமிருந்த கொம்பும் போனது. ஆனால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. “இத்தன தடவ மோதியும் பொழச்சுக் கெடக்கோம்னா யாரு காரணம்?” என்று கட்டுப் போட்ட தலையோடு சிங்காரம் கேட்டார். கல்லுக்கு ஏரோப்பிளேன் ஆத்தா என்று பெயர் வைத்தார்கள். மோதி விழுந்தவர்கள் நன்றி சொல்ல மறுபடி சுற்றினார்கள், மறுபடி விழுந்தார்கள். பூவாயியோ பகலெல்லாம் குட்டிகளின் மேல் கவிழ்ந்தே கிடந்தாள்.

இலுப்பைப் பூ தின்ன வந்த கரடி முத்துக்கருப்பன் இந்தக் கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் அவர் கோயில் கமிட்டித் தலைவர். ஐந்தாம் நாள் ஒரு வரைபடத்தோடு மரத்தடிக்கு வந்தார்.

“ஆத்தா வெயில்ல காயிறா. ஒரு மண்டபம் கட்டிரணும்,” என்றார்.

பூவாயி எட்டிப் பார்த்தாள். “மாமா, வெயில் எங்க படுது? மரம் நெழல் குடுக்குதே!”

“அந்த மரந்தான் தாயி எடஞ்சலா இருக்கு. தூணு நிக்கிற எடத்துல நிக்கிது. எடுத்துட்டா அம்சமா இருக்கும்.”

பூவாயி ஒரே ஓட்டமாக இறங்கி வந்து கல்லின் முன்னால் நின்றாள். இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லார் முன்னாலும் உடைத்துவிட்டாள். “மாமா, இது சாமியே இல்ல! மரத்த வெட்டாம இருக்கணும்னு நாந்தான் ஆத்துலருந்து உருட்டிக்கிட்டு வந்தேன். அந்தப் பொட்டு ஏரோப்பிளேன் பெயிண்டு. அந்தத் துணி கம்பத்துல கெடந்தது. எம்புள்ளைக மேல சத்தியம்!”

முத்துக்கருப்பனின் கண் கலங்கிவிட்டது. அவர் மெதுவாக முன்னே வந்து பூவாயியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“ஊருல இத்தன பேரு இருக்க, ஆத்தா ஒங்கையால வரணும்னு நெனச்சிருக்கா பாரு! கொடுத்து வச்சவ தாயி நீ. மரம் வெட்டுற அன்னைக்கு மொத மரியாத ஒனக்குத்தான்.”

பூவாயி முயல் அதிகாரியிடம் ஓடினாள். மரம் போனால் விபத்துப் பட்டியல் குறையும் என்று அவர் முதல் முறையாக மேஜைக்கு அடியில் ஒளியாமல் பேசினார். மரக் காப்பு அலுவலகத்துக்கு ஓடினாள். நிதானமூர்த்தி ஒரு கண்ணைத் திறந்து, “கோயில் மரம் எங்கள் துறையில் வராது” என்றார். சொல்லும்போதே தூங்கிவிட்டார்.

பூவாயி அங்கேயே நின்று அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு நிமிர்ந்து பார்த்தாள். சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கக் கோப்புக் கட்டுகள். மேல் தட்டில் நாற்பத்தேழாம் எண் மரத்தின் கோப்பு தடிமனாக, நூல் கட்டி, மேலே மெத்தை மாதிரி தூசியோடு உட்கார்ந்திருந்தது. அந்தத் தூசியில் யாருடைய கைரேகையும் இல்லை. வேறு மரத்துக்குப் போனாலும் நாளைக்கு அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள் என்று பூவாயி கணக்குப் போட்டாள். பிறகு ஓடிப்போய், குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மூன்று நடையில் கொண்டுவந்து, அந்தக் கோப்பின் நடுப்பக்கங்களைக் கடித்துக் குடைந்து உள்ளே படுக்கவைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேளதாளத்தோடு மரத்தை வெட்டினார்கள். பூவாயிக்குப் பரிவட்டம் கட்ட ஆள் தேடினார்கள், கிடைக்கவில்லை. மண்டபத்துக்கு மேல் கோபுரம் எழும்பியது. மரத்தைவிடப் பத்தடி உயரம். விமானங்கள் இப்போது அதைச் சுற்றுகின்றன. சிமெண்டு என்பதால் அடி கொஞ்சம் பலம். ஆனாலும் ஆண்டறிக்கையில் முயல் அதிகாரி பெருமையோடு எழுதினார்: மரத்தில் மோதிய விபத்துகள், இல்லை. நிதானமூர்த்தியும் எழுதினார்: எங்கள் துறை வெட்டிய மரங்கள், இல்லை.

குட்டிகள் கண் திறந்தன. மயிர் வளர்ந்தது. கட்டுக்குக் கட்டு தாவக் கற்றுக்கொண்டன. ஒருநாள் மூத்தது கேட்டது, “அம்மா, மரம் மரம்னு சொல்றியே, அது எப்பிடிம்மா இருக்கும்?”

பூவாயி தின்றது போக மிஞ்சிய ஒரு தாளைத் தேடி எடுத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினாள்: “மரம் எண் நாற்பத்தேழு. இலுப்பை. உயரம் தொண்ணூறு அடி. நல்ல நிலையில் உள்ளது.”

நீதி: பிள்ளைகுட்டிகளோடு குடியேற நல்ல மரம் தேடுபவர்கள், அந்த மரத்தின் கோப்பில் குடியேறவும். மரத்தில் எவன் வேண்டுமானாலும் கை வைப்பான். கோப்பில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள்.