வராதவரே தலைவர்

இந்த வருஷமாவது என் மனைவியிடம் தோற்பதில்லை என்று மார்ச் மாதம் முதல் தேதி, பல் விளக்கும்போது தீர்மானம் செய்தேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆகிறது. இதற்கு முன் ஒரு தடவையாவது ஜெயித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். வாய் கொப்பளித்து முடித்த பிறகும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

விவகாரம் இதுதான். எங்கள் ஊர் மன்றத்தின் மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால், மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழைந்திருக்கும் கடல், அதாவது ஃபியோர்டு, முழுக்கத் தெரியும். ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாது. வழியெல்லாம் உடைந்த நாற்காலிகள். அதே சமயம் அக்கரையில் ஓர் ஓட்டலை மூடுகிறார்கள். அங்கே இருக்கும் பில்லியர்ட்ஸ் மேஜையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குச் சும்மாவே தருகிறார்களாம். அந்த மேஜை அந்த அறைக்கு வந்துவிட்டால், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த ஜென்மத்தில் வேறென்ன வேண்டும்?

அந்த அறை மேல் என் மனைவி சிக்ரூனுக்கும் ஒரு கண்.

"அங்க நாலு தறி போடலாங்க. பழைய துணியக் கிழிச்சு விரிப்பு நெய்யலாம். பதினாலு பேர் ரெடியா இருக்காங்க."

"பதினாலு பேரும் யாரு?"

"பொம்பளைங்கதான்."

"அப்ப ஆம்பளைங்க எங்க போறது?"

"கீழ டேபிள் டென்னிஸ் இருக்கே."

"குனிஞ்சு குனிஞ்சு பந்து பொறுக்கியே என் இடுப்பு போச்சு."

"பில்லியர்ட்ஸ நிமிந்து நின்னா ஆடுவாங்க?"

எழுந்துபோய்க் காபி ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் மன்றத்தின் வருடாந்தரக் கூட்டம். அறை யாருக்கு என்று அங்கேதான் முடிவாகும். சிக்ரூன் எழுந்து பேசினால் என் கதை முடிந்தது. அவள் பேச ஆரம்பித்தால் எதிர்க்கட்சியில் இருக்கிற நானே கை தட்டிவிடுவேன்.

எங்கள் ஊர்க் கூட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தலைவர் பதவி என்றால் ஓட்டம் பிடிப்பார்கள். சாவி, சாக்கடை, ஒழுகும் கூரை, காலை ஏழு மணிக்கு டெலிபோன், எல்லாம் தலைவர் தலையில். "யார் தலைவர்?" என்று கேட்டதும் நாற்பது பேரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பிப்பார்கள். கடைசியில் அன்றைக்கு வராதவர் எவரோ, அவரைத் தலைவராக்கிவிட்டு வீட்டுக்குப் போவோம். அதற்குப் பயந்தே காய்ச்சலோடு வருகிறவர்கள் உண்டு. போன வருஷம் ஒருவர் காலில் மாவுக்கட்டுடன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, தன் வருகையை மூன்று தடவை பதிவு செய்துகொண்டார்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, சாப்பிடும்போது சிக்ரூன் சொன்னாள்: "பெர்கன்ல அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷனாம். பாவம், தனியா கெடக்கா."

என் மூளையில் விளக்கு எரிந்தது. ஒன்றல்ல, மூன்று. அவள் ஊரில் இல்லாவிட்டால் தறிக்காகப் பேச ஆளில்லை. மேஜை வந்துவிடும். வராதவள் என்பதால் அவளையே தலைவராகவும் ஆக்கிவிடலாம். அப்புறம் சாக்கடையைப் பார்ப்பாளா, தறியைப் பார்ப்பாளா? எல்லாவற்றுக்கும் மேலே, கூட்டத்தின் தீர்மானத்தைத் தலைவர்தான் நிறைவேற்ற வேண்டும். என் பில்லியர்ட்ஸ் மேஜையை என் மனைவியே கொண்டுவந்து போடுவாள்! எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

"நீ போய்ப் பாத்துட்டு வாயேன் சிக்ரூன்."

"கூட்டம் இருக்கேங்க."

"கூட்டம் கெடக்குது கழுத. கூடப் பொறந்தவ பெரிசா, கூட்டம் பெரிசா?"

"நான் இல்லன்னா தறிக்காக யாரு பேசுவா?"

"நான் பேச மாட்டேனா?"

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நீங்க இருக்கற தைரியத்துலதான் போறேன்," என்றாள். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கே படகு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவள் மனசு மாறிவிட்டால்?

கூட்ட நாள். காபி, வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி. பக்கத்து வீட்டு எகில் மேஜைத் தீர்மானத்தைப் படித்தார். அவர்தான் புதிய நிர்வாகிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் குழுவின் தலைவரும்கூட. நான் எழுந்து இரண்டு வார்த்தை பேசலாமென்று இருபது நிமிஷம் பேசினேன். தறிக்கார அம்மாள் பதினாலு பேரும் தலை நிமிராமல் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஓட்டெடுப்பு வந்ததும் ஊசியோடு கை தூக்கினார்கள். எனக்குச் சாதகமாக! என் பேச்சில் இவ்வளவு சக்தியா என்று எனக்கே புல்லரித்தது.

அடுத்து, "யார் தலைவர்?"

நாற்பது தலைகள் கோப்பைக்குள் போயின. நான் மட்டும் எழுந்தேன். சிக்ரூனின் நாணயம், சுறுசுறுப்பு, பொறுமை என்று முப்பத்தோரு வருஷமாக வீட்டில் ஒரு தடவைகூடச் சொல்லாததையெல்லாம் சபையில் சொன்னேன். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏகமனதாகத் தேர்வு.

ஞாயிற்றுக்கிழமை படகிலிருந்து இறங்கினவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயையோ! நானா? தலைவரா?" நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என்னங்க இப்படி மாட்டி விட்டுட்டீங்க?"

"நான் என்ன பண்ணுவேன்? ஊரே ஒத்தக் கால்ல நின்னுது."

"மேஜைத் தீர்மானமும் பாஸாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"சரி, தீர்மானம்னா தீர்மானம். நிறைவேத்திடுவோம்," என்று பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். ஜெயித்தவனுக்குப் பெட்டி கனக்குமா? விசிலடித்துக்கொண்டே தூக்கினேன்.

செவ்வாய்க்கிழமையே மன்றத்து வாசலில் அறிவிப்பு தொங்கியது: அடுத்த நாலு சனிக்கிழமையும் டுக்னாட். டுக்னாட் என்றால் ஊர் கூடிச் சம்பளமில்லாமல் உழைக்கிற நாள். அதற்கு வர முடியாது என்று சொன்ன ஆள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. அதிலும் தலைவரின் புருஷன் சொல்ல முடியுமா?

முதல் சனிக்கிழமை நாற்காலிகளைச் சுமந்தேன். இரண்டாவதில் கூரை. மூன்றாவதில் தரையைத் தேய்த்தோம்.

"ஏம்மா, பில்லியர்ட்ஸ் ஆட செவுத்துல எதுக்கு இத்தன அலமாரி?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"பந்து வைக்க வேணாமாங்க?"

"பதினாறு பந்துக்கு ஒன்பது அலமாரியா?"

"தாராளமா இருக்கட்டுமே. அந்த மூலையில இன்னொரு கோட் பெயிண்ட் அடிங்க."

நாலாவது சனிக்கிழமை எட்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து மேஜையை மாடிக்கு ஏற்றினோம். எகிலின் இடுப்பு பிடித்துக்கொண்டது. என் கட்டைவிரல் நசுங்கியது. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை தலைவாரி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு ஆடப் போனேன். படியேறும்போதே டக் டக் என்று சத்தம். பந்துச் சத்தமில்லை. உள்ளே நாலு தறி. மேஜை மேல் பெரிய பலகை. பலகை மேல் மலை மாதிரி பழைய துணி. ஒன்பது அலமாரியிலும் நூல் உருண்டைகள். சுற்றி நின்று பதினாலு பேரும் கத்தரிக்கோலோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க வாங்க!" என்றாள் ஒருத்தி. "துணி வெட்ட இப்படி ஒரு மேஜை இல்லாம எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா? நீங்க நல்லாயிருக்கணும்!"

"இது பில்லியர்ட்ஸ் மேஜைம்மா!"

"ஆமாமா, கதவுல எழுதியிருக்கே."

கதவைப் பார்த்தேன். தலைவர் கையெழுத்தோடு நேர அட்டவணை. திங்கள் முதல் சனி வரை நெசவு. பில்லியர்ட்ஸ்: ஞாயிறு காலை ஆறு முதல் ஏழு வரை. அதற்குக் கீழே, பலகையை எடுத்து, ஆடி முடித்ததும் திரும்ப வைக்கவும் என்று ஒரு வேண்டுகோள்.

நேராக எகில் வீட்டுக்குப் போனேன். இடுப்பில் ஒத்தடப் பையோடு படுத்திருந்தார்.

"எகில், மோசம் போயிட்டோம்! தலைவராக்கினா சாக்கடையப் பாத்துக்கிட்டுக் கெடப்பான்னு நெனச்சேன். அவ அட்டவணை போட்டுட்டாய்யா!"

"தலைவர்னா அட்டவணை போடத்தானே செய்வாங்க? அதுக்காகத்தானே அவ தலைவரானா."

"அவ எங்க ஆனா? நான் ஆக்கினேன். எனக்குத் தோணின யோசனை."

"எப்ப தோணிச்சு?"

"கூட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

எகில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவ எனக்குப் போன் பண்ணினது கூட்டத்துக்கு ஒரு மாசம் முன்னாடிப்பா. 'அன்னிக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன், வேற யார் பேரையும் எழுதி வைக்காதீங்க, எங்க வீட்டுக்காரரே எழுந்து என் பேரச் சொல்லுவாரு'ன்னா."

"அப்ப அக்கா முழங்கால்?"

"அது எனக்குத் தெரியாது. கேட்டுப் பாரு."

வீட்டுக்கு வந்து கேட்டேன். அக்காவின் முழங்கால் சௌக்கியமாம். ஆபரேஷன் போன வருஷமே முடிந்துவிட்டதாம். செய்தி மட்டும் சாப்பாட்டு மேஜைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்ததாம்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "தலைவராகணும்னு ஆசைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கூட்டத்துல நீயே கை தூக்கியிருந்தா எவன் வேணாம்னு சொல்லப் போறான்?"

சிக்ரூன் பதறிப்போய்க் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லாயிருக்கே! எனக்குப் பதவி வேணும்னு நானே கேட்டா ஊரு என்னை என்ன நினைக்கும்? அதுக்குத்தானேங்க நீங்க இருக்கீங்க!"