கண்மாயில் நான் போட்ட வட்டம்

நீச்சலும் சைக்கிளும் ஒருமுறை வந்துவிட்டால் மறக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் எப்படிக் கற்றோமோ, அந்தக் கோணலும் சேர்ந்தே மறக்காது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சின்னமனூரில் ஒரு பள்ளிக்குக் கணக்கு டீச்சராக வந்தேன். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம் கரிசல் காடு. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வாய்க்காலும் தென்னையுமாகக் கண் நிறைந்தது. பேசத்தான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரிடம் “அரை லிட்டர்” என்று சொல்வதுதான் அன்றைய மொத்தப் பேச்சு. (சில வாரம் பேச்சை வளர்ப்பதற்காகவே ஒரு லிட்டர் வாங்கினேன். பால் திரிந்ததுதான் மிச்சம்.)

அப்போதுதான் பி.டி. டீச்சர் பாக்கியம் ஸ்டாஃப் ரூமில் ஒரு சேதி சொன்னார். பெண்களுக்கு மட்டும் ஒரு போட்டி நடக்கப்போகிறதாம். மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாயை நீந்திக் கடக்க வேண்டும், அங்கிருந்து சின்னமனூர் எல்லைவரை சைக்கிள், பிறகு எங்கள் பள்ளி மைதானம்வரை ஓட்டம்.

“நாங்க நாலு பேரு பேர் குடுத்துட்டோம். நீங்களும் வாறீகளா டீச்சர்? சும்மா ஜாலிக்குத்தான். முடிஞ்சதும் எல்லாரும் ஹோட்டல்ல ஒண்ணா உக்காந்து தோசை சாப்பிடுறோம்.”

எனக்குப் போட்டி காதில் விழவில்லை. ஒன்றாக உட்கார்ந்து தோசை என்பது மட்டும் விழுந்தது. தீ மிதிக்க வேண்டும் என்றிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

“நீச்சல் தெரியுமா டீச்சர்?”

“தெரியுமாவா! சின்னப் பிள்ளையிலேயே கத்துக்கிட்டேன்” என்றேன்.

அவரவர் வீட்டுப் பக்கமே பயிற்சி எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அங்கேதான் என் கதை கெட்டது. வீட்டில் நாலு பேர் இருந்தால் தலையில் தண்ணீரை ஊற்றியாவது எழுப்பிவிடுவார்கள். என்னை எழுப்ப ஒரு பல்லிகூட இல்லை. முதல் நாள் பஸ் ஸ்டாண்டுவரை ஓடினேன். மறுநாள் தூங்கினேன். அடுத்த வாரம் வாடகைச் சைக்கிள் எடுத்துப் பயிற்சிக்காகக் கிளம்பி, வழியில் மேட்னி பார்த்துவிட்டுத் திரும்பினேன். நீச்சலுக்குப் பயிற்சியே தேவையில்லை என்று விட்டுவிட்டேன். அதுதான் எனக்கு வருமே!

போட்டியன்று சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்றேன். பாக்கியம் டீச்சர் என் தோளைத் தட்டி, “பயப்படாதீக” என்றார். அந்த ஊருக்கு வந்தபின் ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விசில் ஊதியதும் குதித்தேன்.

என் நீச்சல் கிணற்று நீச்சல். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். உடனே இடப்பக்கம் திரும்ப வேண்டும். பத்து வருடம் அப்படியே சுற்றிச் சுற்றி நீந்தியவள் நான். அன்றும் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சுக்கு மட்டும் முகத்தைத் தூக்கி வீராவேசமாக நீந்தினேன். பக்கத்தில் யார் சத்தமும் கேட்கவில்லை. எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். காலில் தரை தட்டியது. எழுந்து இரண்டு கையையும் உயர்த்தினேன்.

கரையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏத்தா, இங்கன இருந்துதான போன? என்னத்த மறந்து வச்சுட்டுப் போன?”

திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் எதிர்க்கரையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மறுபடி குதித்தேன். மறுபடி வளைந்தேன். லாரி டியூபோடு காவலுக்கு மிதந்தவரும் எல்லாரும் கரையேறிவிட்டதாக நினைத்துக் கிளம்பிப் போய்விட்டார். எருமைக்கார அம்மாதான் கரையில் நின்று, “சோத்தாங்கைப் பக்கம் போ! சோத்தாங்கைப் பக்கம்!” என்று தொண்டை கிழியக் கத்தி என்னை ஒருவழியாக அக்கரை சேர்த்தார். கத்தல் எனக்கு மட்டுமில்லை. எருமைகளும் ஒருமுறை சோத்தாங்கைப் பக்கம் திரும்பின.

அக்கரையில் என் வாடகைச் சைக்கிள் மட்டும் நின்றது. மிதித்தேன். ஈரச் சேலை செயினில் சிக்கி, பாதி வழியில் ஒரு முழம் முந்தானையைப் பறிகொடுத்தேன். ஒரு பஸ் பக்கத்தில் வந்து வேகம் குறைய, கண்டக்டர் எட்டிப் பார்த்து, “டீச்சர், எல்லாரும் அப்பவே போய்ட்டாகளே! ஏறுறீகளா? சைக்கிள மேல போட்டுக்கிறலாம்” என்றார். ஜன்னலில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரின் முகம். “வேணாம்” என்று மிடுக்காகச் சொன்னேன். தோசைக்கு நேர்வழியில் போக வேண்டும் என்ற வைராக்கியம்.

எல்லையில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஓடினேன். ஓட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

மைதானத்தில் யாரும் இல்லை. பந்தல்காரர் துணியை மடித்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கோட்டின் மேல் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

“பரிசெல்லாம் குடுத்தாச்சும்மா. டீச்சர்மாரெல்லாம் சாப்பிடப் போய்ட்டாக” என்றார்.

ஆடுகளைச் சுற்றிப்போய்க் கோட்டைத் தாண்டினேன். ஹோட்டல் பக்கத்துத் தெருதான். போயிருக்கலாம். எனக்காகக் காத்திருக்காத இடத்துக்குப் போகிற கூச்சம் வந்து காலைக் கட்டிவிட்டது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பாக்கியம் டீச்சர் கேட்டார்: “ஏன் டீச்சர், கண்மாய்க்கு அப்புறம் ஆளையே காணோம்? வீட்டுக்குப் போய்ட்டீகளோன்னு நெனச்சோம்.”

அழுதிருக்க வேண்டிய இடம். எனக்கென்னவோ, “போகலை டீச்சர், வட்டமடிச்சுக்கிட்டிருந்தேன்” என்று வாயில் வந்துவிட்டது. எருமைக்கார அம்மா கேட்டதை அவர் குரலிலேயே சொன்னேன். ஸ்டாஃப் ரூமே குலுங்கியது. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். யாரோ என் டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு இட்லியை வைத்தார்கள். அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். நானும் எருமைகளைக் கூட்டிக்கொண்டே போனேன்.

போடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்கூட, “கண்மாய சுத்துன டீச்சர் நீங்கதானா?” என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் எடுத்தார்கள். அந்த வீட்டுக்கே மருமகளானேன். இன்றும் நான் மார்க்கெட்டிலிருந்து தாமதமாக வந்தால், “அம்மா எதிர்க்கரைக்குப் போயிருக்காக” என்று மகள் மருமகனிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

வீட்டில் அந்தக் கதை பஸ்ஸோடு முடிந்துவிடும். மைதானத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் மகள் சிரிக்க மாட்டாள். “ஏம்மா, உங்களுக்கு அப்ப ஒருத்தருமே இல்லையா?” என்று கேட்பாள். அதற்குப் பதில் இருக்கிறது. அதைச் சிரிக்கிற மாதிரி சொல்லத்தான் எனக்கு இன்னும் வரவில்லை.